பெரிய கை வந்தா ஸ்லாம் சொல்லலாமா? பிரிட்ஜ்ல அடிக்கடி வர்ற கேள்விகள்

ஆட ஆரம்பிச்சு ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஆனவங்களுக்காக எழுதுனது இது. ஏலம் எப்படிப் போகும், கேம்னா என்னன்னு தெரிஞ்சிருந்தா போதும். ஸ்லாம்னா ஏலத்துல 6 சொல்லி 12 ட்ரிக் எடுக்குறது (ஸ்மால்), இல்லன்னா 7 சொல்லி 13ஐயும் எடுக்குறது (கிராண்ட்). மேஜர்ல (ஸ்பேட், ஹார்ட்) 5 சீட்டு இருந்தா தான் ஓப்பன் பண்ணுவோம், 1 நோட்ரம்ப்னா (துருப்பு இல்லாத ஆட்டம்) 15-17 பாயிண்ட் (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1), பெரிய கைக்கு 2 கிளப், இதுதான் இங்க கணக்கு. 28 ஆடிட்டு வந்தவங்க ஆட்டின், கிளாவர்னு சொல்லிப் பழகியிருப்பீங்க, ஜாக்கி தான் பெரிய தலைன்னும் மனசுல நிக்கும், இங்க அதெல்லாம் மறந்துடுங்க, ஏஸ் தான் ராஜாவுக்கும் மேல.

கே: கேமே நிம்மதியா போட்டுட்டு 12 ட்ரிக் எடுத்தா ஆகாதா, எதுக்கு ஏலத்துலயே 6 வரைக்கும் போகணும்?

சொன்னா தான் போனஸ், எடுத்தா மட்டும் இல்ல. பழைய ஆக்‌ஷன் பிரிட்ஜ்ல ஏலத்துல கம்மியா சொல்லிட்டு நிறைய எடுத்தாலும் அந்த ட்ரிக் எல்லாம் கேம் கணக்குல சேரும், அதனால யாரும் மேல ஏற மாட்டாங்க. 1925ல ஹெரால்ட் வாண்டர்பில்ட்னு ஒரு அமெரிக்கப் பணக்காரர், ஃபின்லாண்ட்னு ஒரு கப்பல்ல பனாமா கால்வாய் வழியா ஹவானா போயிட்டிருந்தப்ப, சொன்னதுக்குத் தான் மார்க்னு ஒரு புது கணக்கு போட்டு கூட இருந்தவங்களோட ஆடிப் பாத்தார். இன்னிக்கு நாம ஆடுற கான்ட்ராக்ட் பிரிட்ஜ் அங்க இருந்து வந்தது தான்.

நம்பரா பாருங்க. வல்னரபிள்னா போனஸும் அபராதமும் கூடுதலா இருக்குற நிலைமை. வல்னரபிள் இல்லாதப்ப 4 ஸ்பேட் சொல்லி 12 எடுத்தா 480. அதையே 6 ஸ்பேட் சொல்லி எடுத்தா 980. வல்னரபிள்னா 680க்கும் 1430க்கும் உள்ள வித்தியாசம். ஸ்மால் ஸ்லாம் போனஸ் 500, வல்னரபிள்ல 750. கிராண்ட்னா 1000, 1500.

கே: எத்தனை பாயிண்ட் இருந்தா ஸ்லாம்?

எல்லாரும் முதல்ல கேக்கறது இது தான், ஆனா இந்தக் கேள்வியே கொஞ்சம் ஆளை ஏமாத்திடும். ரெண்டு கையும் பேலன்ஸ்டா (எல்லா சூட்லயும் கிட்டத்தட்ட சமமா) இருந்து நோட்ரம்ப்ல ஆடுனா 33, கிராண்டுக்கு 37. சீட்டுக்கட்டுல மொத்தம் 40 தானே, 33 நம்மகிட்ட இருந்தா எதிராளிக்கு 7 தான் மிச்சம், ரெண்டு ஏஸ் இருக்க வழியே இல்ல. 37னா ஒரு ஏஸ் கூட இருக்காது. அந்த நம்பர் எங்க இருந்து வந்துச்சுன்னு இப்ப புரியுதா.

துருப்பு வச்சு ஆடுறப்ப இந்தக் கணக்கு உடைஞ்சிடும். 27 பாயிண்ட்ல ஸ்லாம் சும்மா வந்து விழும், 31ல முதல் ரெண்டு சீட்டுலயே தோத்துடுவீங்க. ரெண்டுக்கும் கீழ கை குடுத்திருக்கேன். என்னைக் கேட்டா, பாயிண்ட்டை எண்ணுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி தான்: எதிராளி ரெண்டு ட்ரிக்கை உடனே உருவிட முடியுமா முடியாதா?

கே: பெரிய கை, பார்ட்னர் ரெய்ஸ் பண்ணிட்டார், உடனே 4 நோட்ரம்ப் போட்டு ஏஸ் கேட்டா என்ன தப்பு?

நான் மொத மூணு வருஷம் செஞ்ச தப்பு இது தான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

உங்க கை: ஸ்பேட் ஏஸ், ராஜா, ஜாக்கி, 9, 6, 4. ஹார்ட் ஏஸ், ராஜா, ராணி. டைமண்ட் 8, 3. கிளப் ராஜா, 5. 20 பாயிண்ட். நீங்க 1 ஸ்பேட், பார்ட்னர் 3 ஸ்பேட், அதாவது 4 துருப்பு, 10-12 பாயிண்ட். கை பரபரங்கும், 4 நோட்ரம்ப் கார்டை பெட்டில இருந்து உருவிடுவீங்க. பார்ட்னர் 5 கிளப்னு பதில் சொல்றார், ஒரு கீ கார்ட் (நாலு ஏஸும் துருப்பு ராஜாவும் தான் கீ கார்ட்). உங்ககிட்ட மூணு, அவர்கிட்ட ஒண்ணு, ஆக ஒண்ணே ஒண்ணு தான் மிஸ்ஸிங், சரி 6 ஸ்பேட்.

அவர் கை கீழ விரியுது: ஸ்பேட் ராணி, 10, 7, 3. ஹார்ட் 8, 5. டைமண்ட் ராணி, ஜாக்கி, 4. கிளப் ஏஸ், ராணி, 6, 2. எதிராளி டைமண்ட் ஏஸை வைப்பான், அப்புறம் ராஜாவை வைப்பான், ஆட்டம் முடிஞ்சது. 31 பாயிண்ட் வச்சுக்கிட்டு, 10 துருப்பு வச்சுக்கிட்டு, டவுன்.

இப்ப பார்ட்னருக்கு வேற கை குடுப்போம். ஸ்பேட் அதே ராணி, 10, 7, 3. ஹார்ட் அதே 8, 5. டைமண்ட் ஏஸ், ஜாக்கி, 4. கிளப் ராணி, ஜாக்கி, 6, 2. ஒரு பாயிண்ட் கம்மி. பிளாக்வுட்ல, அதாவது 4 நோட்ரம்ப் போட்டு ஏஸ் கேக்குறதுல, இதுக்கும் அதே பதில் தான் வரும், ஒரு கீ கார்ட். ஆனா இங்க போறது கிளப் ஏஸ் ஒண்ணு மட்டும் தான், அதைக் குடுத்துட்டா கிளப் ராணியும் ஜாக்கியும் நமக்கு, ஜாக்கி மேல டைமண்ட் 3ஐத் தள்ளிட்டா 12.

ரெண்டு கைக்கும் 4 நோட்ரம்புக்கு ஒரே பதில், ஒண்ணு டவுன், இன்னொண்ணு மேக். ஏன்னா எத்தனை ஏஸ்னு கேக்குற கருவி அது, எந்த சூட்ல ஓட்டைன்னு அதுக்குத் தெரியாது. உங்க கையில ராஜாவும் இல்லாம ஏஸும் இல்லாம ரெண்டு சின்ன சீட்டு ஒரு சூட்ல இருந்தா பிளாக்வுட் வேண்டாம்.

கே: அப்ப அந்தக் கையில என்ன சொல்லியிருக்கணும்?

கன்ட்ரோல் பிட், பலபேர் க்யூ பிட்னு சொல்றது. துருப்பு முடிவாயிடுச்சு, கேமுக்கும் போறது உறுதின்னா, 4 லெவல்ல ஒரு புது சூட்டைச் சொன்னா அந்த சூட்ல எனக்கு கன்ட்ரோல் இருக்குன்னு அர்த்தம். ஏஸ் இல்லன்னா வாய்ட் (அந்த சூட்ல சீட்டே இல்லாதது) முதல் கன்ட்ரோல், ராஜா இல்லன்னா ஒத்தைச் சீட்டு ரெண்டாவது கன்ட்ரோல். முதல் வட்டத்துல ரெண்டையும் ஒண்ணாவே காட்டுங்க, அதான் இப்ப பெரும்பாலானவங்க ஆடுறது.

இதுல முக்கியம் கீழ இருந்து மேல வரிசையா போகணும், தாண்டுனா இல்லைன்னு அர்த்தம். மேல சொன்ன கையில நீங்க 3 ஸ்பேடுக்கு மேல 4 கிளப் சொல்றீங்க, கிளப் ராஜா இருக்கே. முதல் பார்ட்னர் டைமண்ட்ல ஒண்ணும் இல்லாததால 4 டைமண்டைத் தாண்டி 4 ஸ்பேட் சொல்வார். உங்களுக்கும் டைமண்ட் இல்ல, அவருக்கும் இல்ல, பாஸ் போட்டுட்டு 11 ட்ரிக் எடுத்துட்டு அடுத்த போர்டுக்குப் போங்க. ரெண்டாவது பார்ட்னர் 4 டைமண்ட் சொல்வார். இப்ப எடுங்க அந்த 4 நோட்ரம்பை.

ஒரு பயம் பலருக்கு, க்யூ பிட் பண்ணா எதிராளிக்கு எதை லீட் பண்ணணும்னு சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடாதான்னு. ஆகும் தான். 4 ஸ்பேட்ல நிக்குறப்ப டைமண்ட் லீட் வந்தா ஒரு ஓவர்ட்ரிக் போகும், 6ல போய் டவுன் ஆகுறதுக்கு அது எவ்வளவோ பரவாயில்ல.

கே: 4 நோட்ரம்புக்கு பதில் என்னென்ன? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

1933ல இண்டியானாபொலிஸ்காரர் ஈஸ்லி பிளாக்வுட் கண்டுபிடிச்சது சாதா ஏஸ் கேள்வி: 5 கிளப் 0 இல்ல 4, 5 டைமண்ட் 1, 5 ஹார்ட் 2, 5 ஸ்பேட் 3. இப்ப ஆடுறது கீ கார்ட், துருப்பு ராஜாவையும் ஒரு ஏஸ் மாதிரி சேத்து மொத்தம் 5.

5 கிளப் 1 இல்ல 4. 5 டைமண்ட் 3 இல்ல 0. 5 ஹார்ட் ரெண்டு, துருப்பு ராணி இல்ல. 5 ஸ்பேட் ரெண்டு, ராணியோட. இதுக்கு 1430னு பேரு, வல்னரபிள்ல 6 ஸ்பேட் எடுத்தா வர்ற மார்க்கும் அதே 1430 தான், அதனால மறக்காது. 5 கிளப்புக்கு 3 இல்ல 0னு மாத்தி ஆடுறவங்களும் இருக்காங்க. எதை ஆடுனாலும் சரி, உக்காரும்போதே பேசிடுங்க. நடு ஏலத்துல பார்ட்னர் மூஞ்சியைப் பாத்து கண்டுபிடிக்கக் கூடாது, அது நியாயமும் இல்ல.

1 இல்ல 4, இது எப்படித் தெரியும்னு பயப்படாதீங்க, இதுவரை நடந்த ஏலத்துலயே தெரிஞ்சிடும். ஓப்பன் பண்ணவருக்கு 0ன்றது ரொம்ப அபூர்வம்.

கே: துருப்பு ராணியைப் பத்தி எதுக்கு இவ்வளவு கவலை?

ஏஸ், ராஜாவோட 8 துருப்பு இருந்து ராணி வெளிய இருந்தா ஒரு ட்ரிக் ஊசலாடும். 5 கிளப் இல்ல 5 டைமண்ட்னு பதில் வந்தா, அதுக்கு மேல துருப்பு இல்லாத அடுத்த சூட்டைச் சொல்லி ராணி இருக்கான்னு கேக்கலாம்.

இதுல ஒரு சின்ன தில்லுமுல்லு உண்டு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரெண்டு பேருக்கும் சேத்து 10 துருப்பு இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சா, ராணி இல்லாட்டியும் இருக்குன்னே சொல்லுங்க. வெளிய 3 சீட்டு தான், 78 சதவீதம் 2-1ஆ பிரியும், ஏஸ் ராஜா அடிச்சா ராணி தானா விழுந்துடும்.

கே: பிளாக்வுட் எப்ப வேண்டாம்?

ரெண்டு சின்ன சீட்டுல ஓட்டை இருந்தா, மேல பாத்தாச்சு. வாய்ட் இருந்தா வேண்டாம், பார்ட்னர் சொல்ற ஏஸ் அந்த வாய்ட்லயே உக்காந்திருந்தா உங்களுக்குப் பிரயோஜனம் இல்ல. கிளப் துருப்புன்னா ரொம்ப ஜாக்கிரதை, 5 டைமண்ட்னு பதில் வந்துட்டாலே 5 கிளப்பைத் தாண்டியாச்சு, கீழ இறங்க முடியாது. எந்த பதில் வந்தா என்ன சொல்லப்போறேன்னு முன்னாடியே முடிவு பண்ணாம கேக்காதீங்க.

அப்புறம் ரெண்டு கீ கார்ட் மிஸ்ஸிங்னு தெரிஞ்சும் கை நல்லா இருக்கேன்னு 6க்குப் போறவங்க இருக்காங்க பாருங்க. பிளாக்வுட் ஸ்லாமுக்குள்ள போறதுக்கான வண்டி இல்லங்க, தப்பான ஸ்லாம்ல போய் விழாம இருக்க போட்ட பிரேக்கு.

கே: பார்ட்னர் 1 நோட்ரம்ப், நான் 4 நோட்ரம்ப். அவர் பாஸ் போட்டுட்டார், சண்டையே வந்துடுச்சு. யார் மேல தப்பு?

உங்க மேல தான், மன்னிச்சுக்கோங்க. நோட்ரம்புக்கு மேல நேரா 4 நோட்ரம்ப் சொன்னா அது ஏஸ் கேள்வி இல்ல, இன்விடேஷன். என்கிட்ட 16-17, உங்ககிட்ட 17 இருந்தா 6க்கு வாங்க, 15னா பாஸ் போடுங்கன்னு அர்த்தம், அந்த 33 கணக்கு தான். 18 இருந்தா கேக்கவே வேண்டாம், நேரா 6 நோட்ரம்ப். 20-21னா 5 நோட்ரம்ப், இதை பாஸ் போடக் கூடாது, அவர் 6 இல்ல 7 சொல்லணும். நோட்ரம்புக்கு மேல ஏஸ் வேணும்னா ஹூஸ்டன்காரர் ஜான் கெர்பர் குடுத்த 4 கிளப் இருக்கு, பதில் படி படியா: 4 டைமண்ட் 0 இல்ல 4, 4 ஹார்ட் 1, 4 ஸ்பேட் 2, 4 நோட்ரம்ப் 3. 1 ஸ்பேட் சொன்னதுக்கு மேல கெர்பர்னு 4 கிளப் போடாதீங்க, அங்க அது வேற.

கே: 27 பாயிண்ட்ல ஸ்லாம்னு சொன்னீங்களே?

ஆமா, ஸ்ப்ளின்டர். பார்ட்னர் 1 ஸ்பேட் ஓப்பன், உங்களுக்கு 4 ஸ்பேட், கேம் போற அளவுக்கு கை, ஒரு சூட்ல ஒத்தைச் சீட்டு. அந்த ஒத்தைச் சீட்டு சூட்டை ரெண்டு படி தாண்டி சொல்லுங்க, டைமண்ட்னா 4 டைமண்ட்.

உங்க கை: ஸ்பேட் ராணி, ஜாக்கி, 8, 2. ஹார்ட் ராஜா, 7, 5, 3. டைமண்ட் 2. கிளப் ஏஸ், ஜாக்கி, 10, 5. 11 பாயிண்ட்.

பார்ட்னர்: ஸ்பேட் ஏஸ், ராஜா, 9, 7, 4. ஹார்ட் ஏஸ், 6. டைமண்ட் 9, 7, 3. கிளப் ராஜா, ராணி, 4. 16 பாயிண்ட். டைமண்ட்ல ஒண்ணு குடுத்தா முடிஞ்சது, மிச்ச ரெண்டை வெட்டியோ நாலாவது கிளப் மேல தள்ளியோ தீத்துடலாம். எதிராளி துருப்பே லீட் பண்ணாலும் 12 வரும்.

இப்ப பார்ட்னரோட அந்த ரெண்டு சூட்டை மட்டும் மாத்திப் போடுங்க, டைமண்ட் ராஜா, ராணி, 4, கிளப் 9, 7, 3. அதே 16. ஆனா டைமண்ட் ஏஸ் போகும், கிளப்லயும் பெரும்பாலும் ஒண்ணு போகும், ஸ்லாம் இல்ல. ஒத்தைச் சீட்டுக்கு எதிர்ல ராஜாவும் ராணியும் உக்காந்திருக்கிறது பூட்டுன வீட்டுக்கு ஏசி போட்ட மாதிரி. எதிர்ல மூணு சின்ன சீட்டு இருந்தா, இல்ல ஏஸும் ரெண்டு சின்னதும் இருந்தா, அது தான் தங்கம். ஸ்ப்ளின்டர் வந்ததும் அந்த சூட்ல இருக்குற ராஜா, ராணி, ஜாக்கியை மனசுக்குள்ள அழிச்சுட்டு மறுபடி எண்ணுங்க.

ஓப்பனர் பக்கம் இருந்து ஒத்தைச் சீட்டைத் தேடணும்னா ஜாக்கோபி 2 நோட்ரம்ப். 4 துருப்போட நீங்க 2 நோட்ரம்ப் சொன்னா ஓப்பனர் 3 லெவல்ல தன்னோட ஒத்தைச் சீட்டைச் சொல்வார், ஒண்ணும் இல்லாம கை சுமாரா இருந்தா நேரா 4 மேஜர்.

கே: 2 கிளப் எப்ப ஓப்பன் பண்றது?

பேலன்ஸ்டுன்னா 22க்கு மேல. நீளமான சூட் கைன்னா பாயிண்ட்டை விட ட்ரிக்கை எண்ணுங்க. ஸ்பேட் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, 8, 6, 3, ஹார்ட் ஏஸ், ராஜா, டைமண்ட் 5, கிளப் 9, 7, 4, இது 17 பாயிண்ட் தான், ஆனா 9 ட்ரிக் கையிலயே இருக்கு, நான் 2 கிளப் சொல்வேன். பார்ட்னர் 2 டைமண்ட் சொன்னா அது காத்திருக்கேன்னு அர்த்தம், டைமண்ட் இருக்குன்னு இல்ல. அதுக்கு மேல நீங்க 2 நோட்ரம்ப்னா 22-24 பேலன்ஸ்டு.

இதுல என் கருத்து பலருக்கு ஒத்து வராது. டைமண்ட் 5, கிளப் 5ன்னு 20 பாயிண்ட் வந்தா நான் 1 டைமண்ட் தான் ஓப்பன் பண்ணுவேன். 2 கிளப், 2 டைமண்ட், 3 டைமண்ட்னு போறதுக்குள்ள 3 லெவல் வந்துடுது, ரெண்டாவது சூட்டைச் சொல்ல 4 கிளப் ஆயிடும், ரெண்டு பேருமே இன்னும் ஒண்ணும் பேசல. 1 டைமண்டை எல்லாரும் பாஸ் போட்டுட்டா என்ன பண்றதுன்னு கேப்பீங்க, இப்படி கோணலான கை ஒருத்தருக்கு வந்தா மத்தவங்களுக்கும் கோணலா தான் இருக்கும், யாராவது வாயைத் திறப்பாங்க. இந்த இடப் பிரச்சனைக்கு தான் சி.சி.வெய்ன்றவர் பிரிசிஷன்னு தன்னோட ஏல முறைல 16க்கு மேல எல்லாத்துக்கும் 1 கிளப்னு வச்சார், அதை வச்சு தைவான் டீம் 1969 பெர்முடா பவுல் (உலக பிரிட்ஜ் போட்டி) ஃபைனல் வரைக்கும் போச்சு.

கே: கை பலமா இருந்தா வேகமா தானே சொல்லணும்?

தலைகீழ். கேம் வரை போறது உறுதியான ஏலத்துல மெதுவா போனா பலம், குதிச்சா பலவீனம். 1 ஸ்பேட், 2 கிளப், 2 ஸ்பேட், அதுக்கு அப்புறம் 3 ஸ்பேட் சொன்னா என் கையில இன்னும் விஷயம் இருக்கு, பேசலாம் வாங்கன்னு. 4 ஸ்பேட்னா போதும், கடையைச் சாத்துங்கன்னு. பெரிய கை வச்சிருக்கவர் தான் கேக்கணும், சின்ன கை வச்சிருக்கவர் சொல்லணும். 20 பாயிண்ட் கையை பார்ட்னருக்கு விவரிக்க முடியாது, 8 பாயிண்ட் கையை ரெண்டு பிட்ல விவரிச்சுடலாம்.

கே: ஃபினெஸ் ஒண்ணை நம்பி ஸ்லாம் போலாமா? கிராண்டுக்கு?

ஃபினெஸ்னா எதிராளியோட பெரிய சீட்டு நமக்குத் தோதான பக்கம் இருக்கும்னு நம்பி சின்ன சீட்டை வச்சே ட்ரிக் எடுக்கப் பாக்குறது. ஸ்மால் ஸ்லாமுக்கு 50 சதவீதம் இருந்தா போதும். டீம் ஆட்டத்துல ஜெயிச்சா கிடைக்கிறதும் தோத்தா போறதும் சமம், 11 இம்ப் (ரெண்டு டேபிள் மார்க் வித்தியாசத்துக்கு டீம் ஆட்டத்துல போடுற புள்ளி), வல்னரபிள்ல 13. ஒரே ஒரு ஃபினெஸ்னா சரி, ஒரு ஃபினெஸும் 3-3 பிரிவும் ரெண்டும் வேணும்னா வேண்டாம், 3-3 வர்றது 36 சதவீதம் தான்.

கிராண்டுக்கு கணக்கு வேற. வல்னரபிள் இல்லாதப்ப எடுத்தா 11 இம்ப் கூடுது, ஒண்ணு டவுன் ஆனா 14 போகுது. வல்னரபிள்ல 13க்கு 17. கூட்டிக் கழிச்சா 56-57 சதவீதம் வேணும். துருப்பு 3-2ஆ பிரிஞ்சா போதும்னா 68 சதவீதம், காகிதத்துல போலாம். ஆனா எதிர் டேபிள்ல 6 கூட சொல்லாம 4ல நின்னுட்டாங்கன்னு வைங்க, உங்க 7 டவுன் ஆனா வயிறு எரியும். அதனால 13 ட்ரிக்கை எண்ண முடிஞ்சா தான் நான் 7 சொல்றது.

4 நோட்ரம்புக்கு அப்புறம் 5 நோட்ரம்ப் போட்டு ராஜா கேக்குறீங்கன்னா, 5 கீ கார்டும் நம்மகிட்ட இருக்குன்னு பார்ட்னருக்கு நீங்க சத்தியம் பண்ற மாதிரி. ராஜா, ராணி, ஜாக்கியோட நீளமான சூட் வச்சிருக்கவர் அதை நம்பி நேரா 7 சொல்லிடுவார், சொல்லணும். சும்மா தெரிஞ்சுக்கலாமேன்னு 5 நோட்ரம்ப் போட்டு, ஒரு ஏஸ் வெளிய இருந்து, பார்ட்னர் 7 சொல்லி, எதிராளி அந்த ஏஸை முதல் சீட்டா வச்சு, எங்க கிளப்ல இதைச் சொல்லிச் சொல்லியே ஒருத்தர் ரெண்டு வருஷமா என்னை ஓட்டுறார்.

கே: 4 நோட்ரம்ப் கேட்டதும் எதிராளி குறுக்க 5 ஹார்ட்னு ஏதாவது சொன்னா?

டோபி ஆடுங்க. சலவைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. டபுள் சொன்னா 0, பாஸ்னா 1, அடுத்த படி சொன்னா 2.

கே: 6 ஸ்பேட் சொன்னோம், லீட் பண்ணாதவர் டபுள் போட்டார். ரீடபுள் பண்ணலாமா?

மொதல்ல அவர் எதுக்கு போட்டார்னு யோசிங்க. ஸ்லாமுக்குத் தானா வந்தவங்களை யாரும் 50 பாயிண்ட் அதிகம் கிடைக்கும்னு டபுள் பண்ண மாட்டாங்க. இது லைட்னர் டபுள், தியடோர் லைட்னர் பேர்ல வந்தது. வழக்கமான லீட் வேண்டாம், வேற ஒண்ணு லீட் பண்ணுன்னு பார்ட்னருக்குச் சிக்னல், பெரும்பாலும் டம்மி (கையைக் கீழ விரிக்குறவர்) முதல்ல சொன்ன சூட், அதுல அவருக்கு வாய்ட் இருக்கும், வெட்டப் போறார். உங்க கையில நோட்ரம்ப்லயும் 12 எண்ண முடியுதா பாருங்க. முடிஞ்சா 6 நோட்ரம்புக்கு ஓடிடுங்க, அங்க வெட்ட துருப்பே கிடையாது. ஓடுனதையும் டபுள் பண்ணா, அப்ப வேணா ரீடபுளைப் பத்தி யோசிக்கலாம்.